ராண்டி பாஸ்: இரண்டு டிரிபிள் கிரவுன், ஒரு பணிநீக்கம்

அமெரிக்க பேஸ்பாலின் மேல்மட்டமான மேஜர் லீகில் ராண்டி பாஸின் கணக்கை மட்டும் பார்த்தால் அவர் பெயரை இன்று யாரும் நினைவு வைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. 1977 முதல் 1982 வரை ஆறு சீசன், மினசோட்டா, கான்சஸ் சிட்டி, மான்ட்ரியல், சான் டியேகோ, டெக்சஸ் என்று ஐந்து அணிகள், எல்லாம் சேர்த்து 130 ஆட்டம், 9 ஹோம் ரன், பேட்டிங் சராசரி 0.212. அவ்வளவுதான். அதே ஆள் 1983இல் ஜப்பானுக்குப் போனார். அங்கே ஹான்ஷின் டைகர்ஸுக்காக ஆடிய 614 ஆட்டத்தில் 202 ஹோம் ரன், சராசரி 0.337, அடுத்தடுத்து இரண்டு ஆண்டு டிரிபிள் கிரவுன், ஒரு சீசனின் மிக உயர்ந்த சராசரி என்ற, இன்றுவரை யாரும் தொடாத சாதனை.

பேஸ்பால் அதிகம் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: பேட்டிங் சராசரி என்பது பேட்டர் அடிக்கப் போனதில் எத்தனை முறை ஹிட் ஆனது என்ற விகிதம். 0.300 என்றால் பத்துக்கு மூன்று, அதுவே நல்ல பேட்டர். 0.212 என்றால் வேலை போகும். பந்து போடுபவர் பிட்சர். ஹோம் ரன் என்பது வேலியைத் தாண்டிப் போகும் அடி, பேட்டரோடு அப்போது பேஸில் நிற்பவர்களும் ரன் எடுத்துவிடுவார்கள். டிரிபிள் கிரவுன் என்பது ஒரே சீசனில் சராசரி, ஹோம் ரன், தன் அடியால் சேர்த்துக் கொடுத்த ரன் மூன்றிலும் லீகின் முதலிடம் பிடிப்பது. வாழ்நாளில் ஒரு முறை வாய்த்தாலே பெரிய விஷயம்.

"ஜப்பான் பிட்சிங் சுலபம், அதனால் அடித்தார்" என்று ஒரே வரியில் இதை முடித்துவிடுபவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. அந்தக் காலத்தில் ஜப்பானுக்குப் போன அமெரிக்கர்கள் ஏராளம். மேஜர் லீகில் பாஸைவிடப் பெரிய பெயர் எடுத்தவர்களும் போனார்கள், பலர் ஒரு சீசன் தாண்டவில்லை. பாஸுக்கு மட்டும் ஏன் நடந்தது, அப்படி நடந்த பிறகும் ஏன் அவரை அந்தக் கிளப் அந்த மாதிரி அனுப்பியது, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தக் கதை முழுசாகும்.

பாஸ் 1954இல் ஓக்லஹோமா மாநிலத்தின் லாட்டன் நகரில் பிறந்தவர். 1972இல் மினசோட்டா ட்வின்ஸ் தேர்வு செய்தது. மேஜர் லீகுக்குக் கீழ்மட்டமான மைனர் லீகில் அவர் சாதாரண ஆள் இல்லை: 1980இல் டென்வர் அணிக்காக 37 ஹோம் ரன், 143 ரன் சேர்ப்பு. ஆனால் ஓட்டம் மெதுவு, ஃபீல்டிங்கில் அவர் ஆடக்கூடிய இடம் முதல் பேஸ் ஒன்றுதான். அந்த ஓர் இடத்தில் ஏற்கனவே ஒருவர் நிலையாக இருந்துவிட்டால் இவருக்குக் கிடைப்பது வாரத்தில் ஓரிரு வாய்ப்பு. ஆறு சீசனில் 130 ஆட்டம் என்பது ஒரு வழக்கமான பேட்டரின் ஒரு வருஷ ஆட்டத்தைவிடக் குறைவு. அப்படி விட்டு விட்டு ஆடிய ஒருவரின் 0.212ஐ வைத்து அவரால் என்ன முடியும் என்று சொல்லிவிட முடியாது. ஹான்ஷின் அவருக்குக் கொடுத்த முதல் பெரிய உதவி தினமும் பேட் பிடிக்கும் வாய்ப்பு.

ஆனால் வாய்ப்பு கிடைத்தது கோஷியன் மைதானத்தில். நிஷினோமியா நகரில், கடலுக்குப் பக்கத்தில், 1924இல் கட்டிய மைதானம் அது. அங்கே ரசிகர்கள் எல்லோரும் அறிந்த ஒரு காற்று உண்டு, ஹமாகாஸே என்பார்கள், கடற்கரைக் காற்று. ஆட்டத்தில் பெரும்பாலும் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக வீசும். பாஸ் இடக்கை பேட்டர், இடக்கை பேட்டர் முழு பலத்தோடு இழுத்து அடித்தால் பந்து வலப்பக்கம்தான் பறக்கும், அதாவது நேராகக் காற்றின் வாய்க்குள். வேறு எந்த மைதானத்திலும் வேலியைத் தாண்டியிருக்கும் பந்து கோஷியனில் தொங்கிப்போய் ஃபீல்டர் கையில் விழும். பலமாக அடிக்கிறவர்கள் செய்வது இன்னும் பலமாக அடிப்பது. பாஸ் அப்படிச் செய்யவில்லை. பந்தை ஒரு நொடியின் சிறு பங்கு தாமதமாக விட்டு, வெளிப்பக்கப் பந்தை எதிர்ப்பக்கம், இடது ஃபீல்டை நோக்கி, உயரமாகத் தூக்கி அடிக்கப் பழகினார். காற்றே மீதி வேலையைப் பார்த்தது. அப்போது கோஷியனில் வேலிக்கு உட்புறமாக "லக்கி ஸோன்" என்று இன்னொரு வேலியும் இருந்தது (1991 சீசனோடு எடுத்துவிட்டார்கள்), அதுவும் உதவியது. ஆனால் அந்த வேலி எல்லா பேட்டருக்கும்தானே இருந்தது.

ஜப்பானிய பிட்சர்கள் வெளிநாட்டு பேட்டரிடம் ஆடும் முறையும் அவருக்கு ஒரு பள்ளிக்கூடம். நேரடியாக வேகப்பந்து கொடுக்க மாட்டார்கள். வெளி ஓரம், தாழ்வு, வளைவு, மறுபடி வெளி ஓரம். பொறுமை இழந்து மோசமான பந்தை அடிக்கப் போனவர்கள்தான் அடுத்த விமானத்தில் ஊர் திரும்பியவர்கள். பாஸ் காத்திருந்தார். 1983இல் 35 ஹோம் ரன், சராசரி 0.288. அடுத்த ஆண்டு ஹோம் ரன் 27ஆக இறங்கியது, ஆனால் சராசரி 0.326 ஆனது. முரட்டு அடிக்காரர் ஒருவர் முழு பேட்டராக மாறுவதை இந்த இரண்டு வரிக் கணக்கிலேயே பார்க்கலாம். அணிக்குள்ளும் ஒட்டிக்கொண்டார், சக வீரர்களோடு உட்கார்ந்து ஷோகி என்ற ஜப்பானிய சதுரங்கம் ஆடுகிற அளவுக்கு. முதல் அணியில் ஒரே நேரத்தில் இரண்டு வெளிநாட்டவர்தான் இருக்கலாம் என்ற விதி அப்போது இருந்தது, ஆக அந்த இரண்டில் ஓர் இடத்தைப் பிடித்து வைத்திருப்பவர் மேல் எப்போதும் ஒரு கண் இருக்கும்.

அப்புறம் 1985.

ஏப்ரல் 17, கோஷியன், எதிரே யோமியுரி ஜயன்ட்ஸ். ஜப்பானில் ஜயன்ட்ஸ் என்றால் தோக்கியோ, பணம், அதிகாரம். ஹான்ஷின் என்றால் ஒசாகா பக்கத்தின் ரோஷம். ஏழாவது இன்னிங்ஸ், ஹான்ஷின் 1-3 என்று பின்தங்கியிருக்கிறது, இரண்டு பேர் அவுட், இரண்டு ஓட்டக்காரர்கள் பேஸில். பாஸ் அந்த சீசனில் அதுவரை ஒரு ஹோம் ரன்கூட அடிக்கவில்லை. பிட்சர் இளைஞர் ஹிரோமி மாகிஹாரா. பாஸ் அடித்த பந்து மைதானத்தின் நடுவில், ஸ்கோர்போர்டுக்குக் கீழே இருக்கும் பேக் ஸ்கிரீனில் போய் விழுந்தது. மூன்று ரன். அடுத்து வந்த மசாயுகி ககெஃபு, அதே திசை, ஹோம் ரன். அதற்கடுத்து அகினோபு ஒகாடா, மறுபடியும் அதே பக்கம், மறுபடியும் ஹோம் ரன். மூன்று பேட்டர், மூன்று ஹோம் ரன், ஆட்டம் 6-5. "பேக் ஸ்கிரீன் மூன்று அடி" என்று இன்றும் பேசுகிறார்கள், அன்று பிறந்திருக்காதவர்களும் அதை விவரமாகச் சொல்வார்கள்.

அந்த அணியின் பேட்டிங் வரிசை பயங்கரமானது. முதலில் இறங்கும் அகினோபு மயுமி 34 ஹோம் ரன், ககெஃபு 40, ஒகாடா 35, பாஸ் 54. அணி மொத்தம் 219. மேலாளர் யோஷியோ யோஷிடா. ஆனால் அந்த வருஷத்தை வெறும் கொண்டாட்டமாகச் சொல்வது சரியில்லை. ஆகஸ்ட் 12 அன்று ஜப்பான் ஏர்லைன்ஸ் 123 விமானம் மலையில் மோதி 520 பேர் இறந்தார்கள், அதில் ஹான்ஷின் கிளப்பின் தலைவர் ஹாஜிமு நகானோவும் ஒருவர். அந்தத் துயரத்தோடுதான் மீதி சீசனை ஆடினார்கள். அக்டோபர் 16 அன்று ஜிங்கு மைதானத்தில் யகுல்ட் அணியோடு 5-5 என்று சமன் செய்து 21 ஆண்டுக்குப் பிறகு லீக் பட்டத்தை எடுத்தார்கள்.

அன்றிரவு ஒசாகாவின் தோதொன்போரியில் நடந்ததுதான் உலகம் முழுக்கத் தெரிந்த கதை. வீரர்கள் பெயரை ஒவ்வொன்றாகக் கத்தி, அந்த வீரர் ஜாடையில் இருக்கும் ரசிகர் பாலத்திலிருந்து கால்வாயில் குதித்தார். பாஸ் ஜாடையில் தாடி வைத்த வெள்ளைக்காரர் யாரும் கூட்டத்தில் இல்லாததால் கேஎஃப்சி கடை வாசலில் நின்ற கர்னல் சாண்டர்ஸ் பொம்மையைத் தூக்கிப் போட்டார்கள். பிறகு ஹான்ஷின் தோற்றபோதெல்லாம் "கர்னலின் சாபம்" என்றார்கள். 2009 மார்ச்சில் பொம்மையைக் கால்வாய்ச் சேற்றிலிருந்து எடுத்தார்கள், மூக்குக் கண்ணாடியும் இடது கையும் இல்லாமல். வேடிக்கையான கதைதான், ஆனால் பாஸைப் பற்றி எழுதுபவர்கள் பலர் இதோடு நிறுத்திவிடுவதுதான் எனக்கு வருத்தம். அந்த மனிதர் அந்தப் பொம்மையைவிடப் பெரிய விஷயம்.

ஜப்பானின் இரண்டு லீக் சாம்பியன்களும் மோதும் ஜப்பான் சீரிஸில் எதிரணி செய்பு லயன்ஸ். முதல் ஆட்டம் 3-0, இரண்டாவது 2-1, ஹான்ஷின் வெற்றி. அந்த ஐந்து ரன்னும் பாஸின் இரண்டு ஹோம் ரன்னால் வந்தவை. மூன்றாவது ஆட்டத்திலும் அடித்தார், ஆனால் அதில் ஹான்ஷின் தோற்றது. கடைசியில் 4-2 என்று சீரிஸ் ஹான்ஷினுக்கு, கிளப் வரலாற்றில் முதல் ஜப்பான் பட்டம். லீகின் மதிப்புமிக்க வீரர், சீரிஸின் மதிப்புமிக்க வீரர், இரண்டும் பாஸ்தான். "கடவுளே, புத்தரே, பாஸ் அவர்களே" என்று ரசிகர்கள் கும்பிட்டார்கள். ஒரு பிளேடு கம்பெனி விளம்பரத்துக்காக அவர் தன் தாடியை எடுத்ததே செய்தியானது.

இந்த இரண்டு கொண்டாட்டங்களுக்கும் நடுவில்தான் அந்தக் கடைசி லீக் ஆட்டம் வருகிறது. ஒரு சீசனில் அதிக ஹோம் ரன் என்ற ஜப்பான் சாதனை 55, ஜயன்ட்ஸின் சதஹாரு ஓ 1964இல் வைத்தது. பாஸ் 54இல் நிற்கிறார். எதிரணி ஜயன்ட்ஸ். அதன் மேலாளர் சதஹாரு ஓ.

கிரிக்கெட்டில் பவுலர் வேண்டுமென்றே வைடு போட்டால் எதிரணிக்கு ரன் போகும், பந்தையும் மறுபடி போட வேண்டும், ஆக பேட்ஸ்மேனை அடிக்கவே விடாமல் ஒதுக்க முடியாது. பேஸ்பாலில் முடியும். நான்கு பந்தை எல்லைக்கு வெளியே போட்டால் பேட்டர் முதல் பேஸுக்கு நடந்து போய்விடுவார், அவருடைய வாய்ப்பு முடிந்தது. அன்று பாஸை அப்படி நான்கு முறை நடக்க விட்டார்கள். ஒருமுறை கைக்கு எட்டாமல் போன பந்தை எட்டிப்போய்த் தட்டி ஒரு சிங்கிள் எடுத்தார், அவ்வளவுதான் அவரால் முடிந்தது. சீசன் 54இல் நின்றது. பாஸுக்கு ஸ்டிரைக், அதாவது எல்லைக்குள் வரும் பந்து, போட்டால் ஒவ்வொன்றுக்கும் 1000 டாலர் அபராதம் என்று தங்கள் பயிற்சியாளர் ஒருவர் சொன்னதாக ஜயன்ட்ஸில் ஆடிய அமெரிக்க பிட்சர் கீத் காம்ஸ்டாக் பின்னால் சொன்னார். தான் அப்படி எந்த உத்தரவும் போடவில்லை என்றார் ஓ.

எனக்கு இதில் உறுத்துவது வேறு. ஓ அவர்களின் அப்பா சீனர். ஓ ஜப்பானில் பிறந்து வளர்ந்தும் ஜப்பான் குடிமகன் இல்லை. பள்ளி வீரராக இருந்தபோது அந்தக் காரணத்துக்காகவே தேசியப் போட்டி ஒன்றில் ஆட அவரை விடவில்லை. வெளியாள் என்று ஒதுக்கப்படுவது என்னவென்று அந்த மைதானத்தில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இருந்திருக்க முடியாது. உத்தரவு அவருடையது இல்லை என்றே வைத்துக்கொள்வோம். "போடுங்கப்பா நேராக" என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருக்கலாம்.

1986இல் பாஸ் இன்னும் மேலே போனார். தொடர்ந்து ஏழு ஆட்டத்தில் ஹோம் ரன் அடித்து ஓவின் சாதனையைச் சமன் செய்தார், ஏழாவதை அடித்தது ஜயன்ட்ஸின் முதன்மை பிட்சர் சுகுரு எகாவாவின் பந்தை. தொடர்ந்து 13 ஆட்டத்தில் ரன் சேர்த்தார். முடிவில் 47 ஹோம் ரன், 109 ரன் சேர்ப்பு, சராசரி 0.389. இசாவோ ஹரிமோட்டோ 1970இல் வைத்த 0.383ஐ அது தாண்டியது. பின்னால் மேஜர் லீகிலும் நட்சத்திரமான இச்சிரோ 2000இல் 0.387 வரை வந்து நின்றார். இச்சிரோவுக்கே எட்டாத எண் அது. என்னைக் கேட்டால் பாஸின் 54 ஹோம் ரன்னைவிட இந்த 0.389தான் பெரிது, ஏனென்றால் அடிக்கவே விடாமல் ஓரம் ஓரமாகப் போட்ட லீகில், கிடைத்த கொஞ்ச நல்ல பந்தை வைத்து எடுத்த சராசரி இது.

1987இல் அணி சரிந்து கடைசி இடத்துக்குப் போனது. பாஸ் அப்போதும் 37 ஹோம் ரன், 0.320.

1988 மே மாதம் அவருடைய எட்டு வயது மகனுக்கு மூளையில் கட்டி என்று தெரிந்தது. சிகிச்சைக்காகக் குடும்பத்தோடு சான் பிரான்சிஸ்கோ போனார். கிளப்பின் அனுமதியோடுதான் போனார். சொன்ன தேதிக்குள் திரும்பவில்லை என்று காரணம் சொல்லி ஜூன் இறுதியில் ஹான்ஷின் அவரைப் பணிநீக்கம் செய்தது. தங்கலாம் என்று தொலைபேசியில் தனக்கு அனுமதி கொடுத்தார்கள், அந்தப் பேச்சின் பதிவு தன்னிடம் இருக்கிறது என்றார் பாஸ். அதற்குள் அணி வேறு ஒரு வெளிநாட்டு வீரரைத் தேடத் தொடங்கியிருந்தது.

இதற்குப் பின்னால் இன்னொரு கணக்கும் இருந்ததாக அப்போதே பரவலாக எழுதினார்கள். குடும்பத்தின் மருத்துவச் செலவை கிளப் ஏற்கும் என்று பாஸின் ஒப்பந்தத்தில் இருந்தது, அதற்கான காப்பீட்டை கிளப் எடுத்து வைக்கவில்லை. குழந்தையின் மூளைக்கட்டிக்கு அமெரிக்காவில் வைத்தியம் என்றால் செலவு எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. அந்தச் சுமை முழுவதும் நேராக கிளப்பின் தலையில். பேச்சுவார்த்தை நடத்த வேண்டியிருந்தவர் கிளப்பின் நிர்வாகி ஷிங்கோ ஃபுருயா. ஒரு பக்கம் மேலிடம், ஒரு பக்கம் பாஸ், நடுவில் பத்திரிகைகள். ஜூலை 19 அன்று அவர் தோக்கியோவில் ஒரு ஹோட்டலில் தற்கொலை செய்துகொண்டார்.

இந்த இடத்தில் பலரும் "இரு நாட்டுக் கலாசார வேறுபாடு" என்று எழுதி நகர்ந்துவிடுகிறார்கள்: அமெரிக்கருக்குக் குடும்பம் முதலில், ஜப்பானியருக்கு வேலை முதலில். அப்படி ஒரு வேறுபாடு அன்றைக்கு இருந்தது உண்மை, சீசன் நடக்கும்போது வீட்டுக்குப் போவது ஜப்பானிய வீரர்களிடம் வழக்கத்தில் இல்லைதான். ஆனால் இங்கே நடந்ததற்கு அது காரணம் இல்லை. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இருந்தது, அதற்கேற்ற காப்பீடு இல்லை, அனுமதி எதுவரை என்பது எழுத்தில் தெளிவாக இல்லை. நிர்வாகம் செய்யாமல் விட்ட மூன்று சாதாரண வேலைகள். அந்த விலையை ஒரு நோயாளிக் குழந்தையின் அப்பாவும், இடையில் மாட்டிக்கொண்ட ஒரு நிர்வாகியும் கொடுத்தார்கள். ஜப்பானில் வெளிநாட்டு வீரரை "சுகெட்டோ" என்பார்கள், உதவிக்கு வந்த ஆள். உதவி தேவைப்படுகிறவரை கடவுள், அவருக்கே உதவி தேவைப்பட்டபோது ஒரு செலவுக் கணக்கு. இரண்டு டிரிபிள் கிரவுன் எடுத்துக் கொடுத்த ஒருவருக்கு அந்தக் கிளப் செய்தது அநியாயம், இதில் எனக்கு மழுப்ப ஒன்றுமில்லை.

மகன் பிழைத்துக்கொண்டான். பாஸ் மறுபடி தொழில்முறையாக ஆடவில்லை, 34 வயதில் முடிந்தது. ககெஃபுவும் அதே ஆண்டு ஓய்வு பெற்றார். ஹான்ஷின் 1987 முதல் 2001 வரையிலான பதினைந்து சீசனில் பத்து முறை கடைசி இடம். பாஸ் லாட்டனுக்குப் போய் விவசாயமும் மாடும் பார்த்தார், 2004இல் ஜனநாயகக் கட்சி சார்பில் ஓக்லஹோமா மாநில செனட்டுக்குத் தேர்வாகிப் பதினான்கு ஆண்டு அங்கே இருந்தார். கிளப்போடு மனக்கசப்பு தீர்ந்து பழைய வீரர் ஆட்டங்களுக்கு ஜப்பானுக்கு வந்து போனார், வந்தபோதெல்லாம் கோஷியன் எழுந்து நின்றது.

ஜப்பான் பேஸ்பால் புகழ்மண்டபத்துக்கு அவர் பெயர் பல ஆண்டுகள் ஓட்டு போதாமல் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. ஆறே சீசன்தானே ஆடினார் என்பது ஒரு வாதம். ஆறாவது சீசனை முடிக்க விடாதது யார் என்று கேட்க வேண்டியிருக்கிறது. 2023 ஜனவரியில் ஒருவழியாகத் தேர்வானார். அதே ஆண்டு நவம்பர் 5 அன்று, ஒரிக்ஸ் அணியை 4-3 என்ற ஆட்டக் கணக்கில் வென்று ஹான்ஷின் 38 ஆண்டுக்குப் பிறகு ஜப்பான் சீரிஸை எடுத்தது. மேலாளர், 1985இல் மூன்றாவது ஹோம் ரன்னை அடித்த அதே ஒகாடா.

சரி, அந்த 55 என்ன ஆனது? 2001இல் கின்டெட்ஸு அணியின் டஃபி ரோட்ஸ், இவரும் அமெரிக்கர்தான், 55ஐத் தொட்டார். பிறகு எதிர்கொண்டது ஓ மேலாளராக இருந்த டாயெய் ஹாக்ஸ். மறுபடியும் ஓரப் பந்து. ஓவின் சாதனையை வெளிநாட்டவர் முறியடிப்பதைப் பார்க்க விருப்பமில்லை என்று அந்த அணியின் பயிற்சியாளர் வெளிப்படையாகவே சொன்னார். லீக் கமிஷனர் கண்டித்தார், ஆனால் எண் மாறவில்லை. 2002இல் வெனிசுவேலாவின் அலெக்ஸ் கப்ரேரா 55, மறுபடியும் அங்கேயே நின்றது. பிறகு 2013இல் யகுல்டின் விளாடிமிர் பாலென்டியன், குராசோ தீவுக்காரர், செப்டம்பர் 15 அன்று ஜிங்கு மைதானத்தில் 56ஐயும் அதே ஆட்டத்தில் 57ஐயும் அடித்தார், 60இல் முடித்தார். அன்று எதிரே நின்று, ஒதுக்காமல் பந்து போட்டு இரண்டு ஹோம் ரன்னையும் வாங்கிய பிட்சர் டைகி எனொகிடா. அவர் ஆடியது ஹான்ஷினுக்கு.